நாற்பத்திரண்டு தங்குமிடங்கள்

திருத்தி அனுப்பிய கோப்பு திரும்பி வந்துவிட்டது. இருபத்தேழு வருஷத்தில் லோகநாயகிக்கு இப்படி நடந்ததே இல்லை. அடுத்தவர் பேசியதைக் காதில் வாங்கி எழுத்தாக்குவதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று மேடவாக்கம் ஆபீஸில் இப்போதும் சொல்வார்கள். அந்தப் பெருமை தலைக்கு ஏறியிருந்தது என்றுகூடச் சொல்லலாம். திங்கட்கிழமை காலை, ஊறப்போட்ட அரிசியைக் கிரைண்டரில் போட்டுவிட்டு வந்து பார்த்தால், கணினியில் சிவப்புக் கொடியோடு அது உட்கார்ந்திருந்தது. புனேவுக்குக் கிளம்பப் பத்து நாள் இருக்கிறது, பாதிப் பாத்திரம் அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டது, இந்த நேரத்தில் இது வேறா என்று முதலில் எரிச்சல்தான் வந்தது.

வேலை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் ஒரு கிழவர். யூதர்களின் குரு; ரப்பி என்பார்கள். வாரம் ஒருமுறை தங்கள் வேதத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பாடம் சொல்வார். அந்தக் குரலை இயந்திரம் எழுத்தாக மாற்றும். அது அவ்வப்போது கண்டதையும் எழுதி வைக்கும். லோகநாயகி பெருங்களத்தூரில் தன் வீட்டு மேஜையில் உட்கார்ந்து காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அதைச் சரிசெய்வாள். எட்டு மாதமாக அவருடைய இருமல்கூட அவளுக்கு அத்துப்படி. இருமலை எடுத்துவிட வேண்டும் என்பது கம்பெனி விதி. இழுத்துப் பேசுவது, சொன்னதையே திரும்பச் சொல்வது எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் படிப்பவர் கண்ணுக்கு உறுத்தாமல் கொடுக்க வேண்டும். இந்த வாரப் பாடத்தில் ரப்பி ஒரு பட்டியலை வாசித்திருந்தார். எகிப்திலிருந்து தப்பித்த ஜனங்கள் நாற்பது வருஷம் வனாந்தரத்தில் அலைந்தபோது கூடாரம் போட்ட இடங்கள். இந்த இடத்தை விட்டுப் புறப்பட்டார்கள், அந்த இடத்தில் தங்கினார்கள். அந்த இடத்தை விட்டுப் புறப்பட்டார்கள், இன்னோர் இடத்தில் தங்கினார்கள். கேட்கக் கேட்கக் கொட்டாவி வந்தது. லோகநாயகி முதல் மூன்றையும் கடைசி இரண்டையும் வைத்துக்கொண்டு, நடுவில் ‘இப்படியே நாற்பத்திரண்டு இடங்கள்’ என்று ஒரு வரியைப் போட்டு முடித்துவிட்டாள். விதிப்படி அது சரி. இன்னும் கேட்டால் நல்ல வேலை.

ரப்பியின் அலுவலகத்திலிருந்து ஒரு பெண்மணி எழுதியிருந்தாள். கோபம் இல்லை, மரியாதையாகவே இருந்தது. எதுவுமே நடக்காத இடத்தையும் எங்களால் விட முடியாது அம்மா, தயவுசெய்து ஒவ்வொன்றையும் திருப்பிப் போட்டுவிடுங்கள். எங்கள் ஆலயத்தில் இதை வாசிக்கும்போது நடுவில் நிறுத்தும் வழக்கம்கூட இல்லை என்று இருந்தது.

அந்த ஊர்ப் பெயர்களை எப்படி எழுதுவது என்று சந்தேகம் வந்ததால் எதிர் ஃப்ளாட் கிறிஸ்டினாவைப் போய்க் கேட்டாள். கிறிஸ்டினா காட்டாங்குளத்தூரில் காலேஜ் லைப்ரரியில் வேலை செய்கிறவள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். அவள் சிரித்துவிட்டாள். “அந்த லிஸ்ட் வந்தா எங்க பாஸ்டரே பக்கத்தத் திருப்பிடுவாருக்கா. நீங்க தாண்டினதுல தப்பே இல்ல,” என்றாள். ஆனாலும் தன் புத்தகத்தை எடுத்துவந்து ஒவ்வொரு பெயராகச் சொல்லி, ஒரு காகிதத்தில் எழுதியும் கொடுத்தாள். மாரா, ஏலிம், தொப்கா, ஆலூஸ், லிப்னா, ரீசா. மாமியார் உயிரோடு இருந்த நாளில் நூற்றெட்டு திவ்ய தேசங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, ஏதாவது ஒன்று விட்டுப்போனால் மறுபடி ஸ்ரீரங்கத்திலிருந்து ஆரம்பிப்பது லோகநாயகிக்கு நினைவுக்கு வந்தது. அப்போதும் அவளுக்குக் கொட்டாவிதான் வந்தது.

மத்தியானம் மறுபடி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். முதல் தடவை விரல் மட்டும் வேலை செய்திருந்தது; இந்தத் தடவைதான் காது கேட்டது. இந்த இடங்களில் பாதிக்கு மேல் ஒன்றுமே நடக்கவில்லை, அற்புதம் இல்லை, யுத்தம் இல்லை, என்றார் ரப்பி. பின் ஏன் எழுதிவைத்தார்கள்? ஒரு ராத்திரி தங்கினாலும் சரி, பத்தொன்பது வருஷம் தங்கினாலும் சரி, தெய்வத்துக்கான கூடாரத்தை ஒவ்வோர் இடத்திலும் கடைசி ஆணி வரை அடித்து முழுசாகவே எழுப்பினார்கள். நாளைக்குக் கிளம்பப்போகிறோமே என்று அரைகுறையாக நிறுத்தவில்லை. எங்கள் பெரியவர் ஒருவர் சொல்வார், பிறந்ததிலிருந்து சாகும்வரை ஒவ்வொரு மனிதனுக்கும் இந்த நாற்பத்திரண்டு பயணம் உண்டு. எந்த இடத்தையும் அவன் வீணாகக் கடப்பதில்லை. இதைச் சொல்லிவிட்டு இருமினார். பிறகு ஒரு கதை சொன்னார்.

ஒரு ராஜா. அவனுக்கு ஒரு பிள்ளை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை. வைத்தியம் பார்க்கத் தூர தேசத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். குணமாகித் திரும்பி வரும் வழியில் ராஜா ஒவ்வோர் இடமாகக் காட்டிக்கொண்டே வந்தானாம். இங்கேதான் நாம் படுத்துத் தூங்கினோம். இங்கேதான் குளிரில் நடுங்கினோம். இங்கேதான் உனக்குத் தலையை வலித்தது. போகும்போது அவனால் இதையெல்லாம் சொல்ல முடியாது, அப்போது வழி முழுவதும் பயம்தான். திரும்பும்போதுதான் இடத்துக்கெல்லாம் பெயர் வருகிறது என்றார் ரப்பி.

லோகநாயகி ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். கிரைண்டர் காலையிலேயே நின்றுபோயிருந்தது. வெளியே தண்ணீர் லாரி பின்வாங்கும் சத்தம் கேட்டது. கேஷவ், என்று சொல்லிப் பார்த்தாள். அந்த வீட்டில் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பல நாள் ஆகியிருந்தது.

மகன் கேஷவுக்கு ஏழு வயதில் ரத்தத்தில் புற்று என்றார்கள். எழும்பூரில் ஆஸ்பத்திரி. செவ்வாயும் வெள்ளியும் போக வேண்டும். முதல் வாரம் மூன்று பேருமாகப் போனார்கள். முதுகுத்தண்டில் ஊசி போட்டபோது பிள்ளை கத்திய கத்தலில் லோகநாயகி கதவைப் பிடித்தபடியே தரையில் சரிந்துவிட்டாள். பிள்ளையைப் பார்க்க வேண்டிய நர்ஸ் இவள் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது ரயிலில் கணவர் அனந்தகிருஷ்ணன், நீ இனிமேல் வரவேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவர் தாம்பரத்தில் கணக்கு வாத்தியார். சம்பளம் இல்லாத லீவைப் போட்டுவிட்டார். லோகநாயகி ஒரே ஒரு தடவை, நானும் வருகிறேனே என்று கேட்டாள். வேண்டாம் என்றார். அப்போது அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவை அவள் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. பெருமாளிடம்கூடச் சொன்னதில்லை.

பதினான்கு மாதம் அப்பாவும் பிள்ளையுமாகப் போய் வந்தார்கள். ஐந்து வயது மகள் சுப்ரஜாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு லோகநாயகி வேலைக்குப் போனாள். அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்பிய, முன்பின் தெரியாத குழந்தைகளின் ரத்த அறிக்கைகளை ஒரு எண்கூடத் தவறாமல் தட்டச்சு செய்தாள். சாயங்காலம் வந்து வீட்டு வாசல் கேட்டில் நிற்பாள். தெருமுனையிலிருந்து கேஷவ் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்து வருவான். எப்படிடா இருந்தது என்றால், வலிக்கவே இல்லைம்மா என்பான். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பதினைந்தாவது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அனந்தகிருஷ்ணன் மட்டும் திரும்பி வந்தார். அதற்கப்புறம் யாராவது கேட்டால், முடியாமல் இருந்தான், வைத்தியம் பார்த்தோம், போய்விட்டான் என்று மூன்றே வாக்கியத்தில் இருவரும் சொல்லப் பழகிவிட்டார்கள். அவர் அன்றிலிருந்து மின்சார ரயிலில் ஏறியதில்லை. மாம்பலத்துக்குப் போவதென்றாலும் ஜி.எஸ்.டி. ரோட்டில் நின்று பஸ் பிடிப்பார். வெயிலில் இது என்ன பிடிவாதம் என்று லோகநாயகியே பல தடவை திட்டியிருக்கிறாள்.

இருபத்தொரு வருஷமாகத் தான் எதற்கு ஏங்கிக்கொண்டிருந்தோம் என்று அவளுக்கு அன்று மத்தியானம்தான் விளங்கியது. பிள்ளைக்காக ஏங்கியது இருக்கட்டும், அது எந்தத் தாய்க்கும் உள்ளது. அவளுக்கு அந்த வழி வேண்டும். ஆஸ்பத்திரிக்கும் கேட்டுக்கும் நடுவில் அவன் வாழ்ந்த பதினான்கு மாதம் வேண்டும். அது முழுக்க இந்த மனுஷனிடம் இருக்கிறது. இன்னும் பத்து நாளில் வீட்டைப் பூட்டிவிட்டுப் புனேவுக்குப் போகப்போகிறார்கள். அங்கே இருக்கும் சுப்ரஜாவுக்கு இது ஏழாம் மாதம். ஆறு மாதம் இருந்துவிட்டு வருவதாக எல்லோரிடமும் சொல்லியிருந்தாலும், திரும்ப மாட்டோம் என்று இருவருக்குமே தெரியும். அங்கே போய்விட்டால் இந்த ரயில் பாதைகூட இருக்காது.

காப்பி கொடுக்கும்போது மெல்லக் கேட்டாள். கேஷவைக் கூட்டிக்கொண்டு போய் வந்தீர்களே, வழியில் என்ன பேசுவான் என்றாள். அனந்தகிருஷ்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். இப்போது எதற்கு அதெல்லாம், நினைவும் இல்லை என்றார். எழுந்து அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டப் போய்விட்டார். மூன்று பெட்டிக்கு ஒட்ட வேண்டிய டேப்பை ஒரே பெட்டிக்கு ஒட்டினார்.

அன்று சாயங்காலத்துக்குள் லோகநாயகி எல்லா இடங்களையும் திருப்பிப் போட்டுவிட்டாள். இரண்டாம் தடவையும் திரும்பி வந்தால் மானம் போய்விடும். தாளில் அச்சடித்து அவரிடம் நீட்டி, நாற்பத்திரண்டு இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கச் சொன்னாள். கணக்கு என்றால் அவர் மறுக்க மாட்டார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பென்சிலால் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுக்கொண்டே வந்தார். கடைசியில், “நாப்பத்தொண்ணுதான் இருக்கு. ஒண்ணு விட்டுட்டே,” என்றார். இருக்கவே இருக்காது என்றாள். அவர் விடவில்லை. கிறிஸ்டினா எழுதிக்கொடுத்த காகிதத்தை வாங்கி ஒத்துப்பார்த்துக் கண்டுபிடித்தும் விட்டார். ரீசா. அந்த இடத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. தாளை மடித்துக் கொடுக்கப்போனவர் கீழே இருந்த வரிகளைப் படிக்க ஆரம்பித்தார். பென்சில் ஒரு வரியில் நின்றது. எந்த வரி என்று லோகநாயகி எட்டிப்பார்க்கவில்லை.

பென்சிலை மேஜையில் வைத்துவிட்டு, “அந்த ராஜாவோட பிள்ளை பொழைச்சுண்டான்,” என்றார். “திரும்பி வந்தான். அதனால சொன்னான். நான் யார்ட்ட சொல்றது?”

“என்ட்ட,” என்றாள் லோகநாயகி.

அவர் தாளை மடித்து அவளிடம் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். இனி அவ்வளவுதான், கேட்டதே தப்பு என்று அவளும் விட்டுவிட்டாள். மறுநாள் செவ்வாய்க்கிழமை. பெருமாளுக்கு விளக்கேற்றிவிட்டுத் திரும்பினால் அனந்தகிருஷ்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். “பத்து நாப்பதுக்கு ஒரு லோக்கல் இருக்காம். புடவை மாத்திண்டு வா,” என்றார்.

போகும்போது அவர் வாயே திறக்கவில்லை. ஜன்னலோரம் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். தாம்பரத்தில் கூட்டம் ஏறியது. கிண்டியில் கூட்டம் இறங்கியது. போகும்போது வழி முழுவதும் பயம்தான் என்று ரப்பி சொன்னதை நினைத்துக்கொண்டு லோகநாயகியும் பேசாமல் வந்தாள். எழும்பூரில் இறங்கி ஸ்டேஷன் வாசல்வரை போனார்கள். ஆஸ்பத்திரி இருந்த திசையைப் பார்த்துக்கொண்டு அவர் சற்று நேரம் நின்றார். அங்கே போக வேண்டுமா என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, வாசலில் தள்ளுவண்டிக்காரனிடம் ஒரு பொட்டலம் உப்புக்கடலை வாங்கினார். அவருக்குப் பல் சரியில்லை, கடலையே ஆகாது. எதற்கு என்று அவள் கேட்கவில்லை. எதிர்ப்பக்க பிளாட்ஃபாரத்தில் செங்கல்பட்டு வண்டி வந்தது. மத்தியான வண்டி, பாதி காலி. இருவருக்கும் ஜன்னலோரமே கிடைத்தது.

வண்டி நகர்ந்ததும் அவர் பொட்டலத்தை அவள் கையில் வைத்தார். “இங்க ஒவ்வொரு தடவையும் கடலை வாங்கச் சொல்லுவான். வாயெல்லாம் புண்ணு, அவனால திங்க முடியாது. நீ தின்னுப்பா, எப்படி இருக்குன்னு சொல்லும்பான். நான் ஒவ்வொண்ணாத் தின்னு சொல்லிண்டே வரணும்,” என்றார்.

அப்புறம் நிற்கவில்லை. இத்தனை வருஷம் சேர்ந்திருந்த பேச்சு எங்கிருந்துதான் வந்ததோ, ஒவ்வொரு ஸ்டேஷன் வரும்போதும் அதற்கு முன்பே வந்து நின்றது. சேத்துப்பட்டில் ஒருநாள் வாந்தி தாங்காமல் இறங்கிவிட்டார்கள். பூ விற்கிற அம்மா ஒருத்தி பூவுக்குத் தெளிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் அவன் சட்டையில் ஊற்றிக் கழுவிவிட்டாள். காசு கொடுத்தால் திட்டினாள். நுங்கம்பாக்கத்தில் அவனுக்குத் தலைவலி ஆரம்பிக்கும். ஏன் அங்கே என்று கேட்டால் டாக்டருக்கும் தெரியாது. மடியில் படுத்துக்கொள்வான். கோடம்பாக்கம் மேம்பாலத்துக்கு அடியில் போகும்போது மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுப்பான். மாம்பலம் பிடிக்காது. ஏறுகிறவர்கள் எல்லாம் சித்திரை மாதத்தில் குரங்குக் குல்லா போட்ட பிள்ளையைப் பார்ப்பார்கள். சைதாப்பேட்டையில் ஆறு வந்தால் இரண்டு பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு யார் அதிக நேரம் தாங்குகிறார்கள் என்று பந்தயம். கேஷவ் வாயால் மூச்சு விட்டு ஏமாற்றுவான். கிண்டியில் பாதாம்பால், ஒரு மடக்கு. பரங்கிமலையில், மலை எங்கேப்பா என்று ஒவ்வொரு தடவையும் கேட்பான், தெரிந்தே கேட்பான். பழவந்தாங்கலில் தூங்கியிருப்பான். மீனம்பாக்கத்தில் எழுப்பிவிடச் சொல்லியிருப்பான்.

லோகநாயகி குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. வாசிக்கும்போது நடுவில் நிறுத்தக் கூடாது என்று எழுதியிருந்ததே, அதை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுகை வந்தது, அழுதால் அவர் நிறுத்திவிடுவார் என்று கடலையை வாயில் போட்டுப் போட்டு மென்றாள். சில இடத்தில் சிரிப்புகூட வந்தது. அவளுக்குத் தெரியாத பிள்ளை ஒருத்தன் அந்தப் பெட்டி முழுக்க ஓடிக்கொண்டிருந்தான். நோயாளிப் பிள்ளை என்று இத்தனை நாள் நினைத்திருந்தாளே, அந்தப் பிள்ளை இல்லை இவன்.

“பல்லாவரம் வந்தா ஜன்னல் பக்கம் மாறி உக்காந்துப்பான்,” என்று அவர் தொடர்ந்தபோதுதான் அவள் நிமிர்ந்தாள். வண்டி இன்னும் மீனம்பாக்கத்தை விட்டுக் கிளம்பவில்லை.

“ஒண்ணு விட்டுட்டேளே,” என்றாள்.

“எது?”

“திரிசூலம்.”

அனந்தகிருஷ்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வண்டி கிளம்பி, வேகம் எடுப்பதற்குள் திரிசூலம் வந்து நின்றது. திடீரென்று எழுந்து இறங்கிவிட்டார். லோகநாயகி புடவையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினாள். பிளாட்ஃபாரத்தில் ஒரு சிமெண்டு பெஞ்சு. அவர் போய் அதன் ஓரத்தில் உட்கார்ந்தார், நடுவில் இடம் விட்டு. எதிரே ரோட்டுக்கு அந்தப் பக்கம் விமான நிலையம். இப்போது மேலே மெட்ரோ பாலமும் பெரிய பெரிய கண்ணாடிக் கட்டடங்களும் பாதி வானத்தை அடைத்துக்கொண்டிருந்தன. அந்த மீதியில் ஒரு விமானம் மூக்கை உயர்த்திக்கொண்டு ஏறியது. சத்தம் வயிற்றுக்குள் வந்து அடங்கும்வரை இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

“ஆஸ்பத்திரில லேட்டாயிடுத்துன்னு உன்கிட்ட சொல்லுவேனே,” என்றார். “எல்லாம் பொய். ஒவ்வொரு தடவையும் இங்க எறங்கிடுவோம். ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம்... அடுத்த வண்டி, அடுத்த வண்டின்னு விட்டுண்டே இருப்போம். எந்த பிளேன் எந்த ஊருக்குப் போறதுன்னு நான் வாய்க்கு வந்ததச் சொல்லுவேன். அவன் நம்பலேன்னாலும் கேட்டுப்பான்.” நிறுத்தினார். “நன்னா இருந்தது லோகா. அங்க நீ கேட்ல நின்னுண்டு உயிரைக் கையில புடிச்சிண்டிருக்கே. இங்க நாங்க ரெண்டு பேரும் சிரிச்சிண்டு உக்காந்திருக்கோம். அவன் போனப்புறம் அத எப்படி உன்கிட்ட சொல்றது?”

அவளுக்கு ஒரு கணம் கோபம்கூட வந்தது, மறைக்கக் கூடாது. எத்தனை சாயங்காலம், எத்தனை முறை வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்திருப்பாள். அப்புறம் அந்தக் கோபத்துக்கு அடியில் வேறொன்று இருந்தது. பிள்ளை சந்தோஷமாக இருந்திருக்கிறான். நாளை இருப்பானா என்று தெரியாத பிள்ளை இந்தப் பெஞ்சில் கடைசி ஆணி வரை அடித்துக் கூடாரம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். தான் அப்பாடா என்று ஒதுங்கியதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொல்லிவிட்டாள். நீங்கள் வேண்டாம் என்றபோது எனக்கு நிம்மதியாக இருந்தது, அந்த நிம்மதிதான் இத்தனை வருஷமாக என்னைத் தின்கிறது என்றாள். அவர் ஆச்சரியப்படவில்லை. அது எனக்கு அன்றைக்கே தெரியும் என்றார். இரண்டு வண்டியை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறினார்கள்.

பல்லாவரமும் குரோம்பேட்டையும் சானடோரியமும் வந்து போயின. எதையும் அவர் விடவில்லை. தாம்பரத்தில் வண்டி நெடுநேரம் நின்றது. சமோசாக்காரன் ஏறி இறங்கினான். இங்கே குல்லாவைக் கழற்றிப் பையில் வைத்துவிடுவான் என்றார். ஏன் என்று அவள் கேட்டதற்கு, வீடு வந்துவிடுமே என்றார். பெருங்களத்தூரில் இறங்கி, ரயில்வே கேட்டைக் கடந்து, தாங்கள் இப்போது இருக்கும் ஃப்ளாட்டுக்குப் போகாமல் பழைய தெருப் பக்கம் திரும்பினார். இரண்டு தெரு தள்ளித்தான். இருந்தாலும் லோகநாயகி அந்தப் பக்கம் வந்து எத்தனையோ காலம் ஆயிற்று. அப்போது வாடகைக்கு இருந்த வீடு இப்போது மூன்று மாடிக் குடியிருப்பு. அவள் நின்ற கேட் இருந்த இடத்தில் கார் ஏறுவதற்குச் சரிவு போட்டிருந்தார்கள். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் அப்படியே இருந்தது.

அதன் பக்கத்தில் வந்ததும் அனந்தகிருஷ்ணன் நின்றுவிட்டார்.

“இங்கதான் எறக்கி விடுவேன்,” என்றார்.

“யாரை?”

“அவனைத்தான். ஸ்டேஷன்லேர்ந்து தோள்ல தூக்கிண்டுதான் வருவேன். கடைசி ஆறு மாசம் அவனால எங்க நடக்க முடிஞ்சது? இந்த எடம் வந்தா, எறக்குப்பா எறக்குப்பான்னு முதுகுல தட்டுவான். அம்மா பாப்பா, நான் நடந்து வரணும்பான்.”

தெருமுனையிலிருந்து விரலைப் பிடித்துக்கொண்டு நடந்து வருகிற பிள்ளை. அவளிடம் இருந்தது அந்த ஒன்றுதான். இருபத்தொரு வருஷம் அதைத்தான் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடியாமல் இருந்தாலும் நடந்தானே என்று அதில்தான் ஆறுதல் பட்டுக்கொண்டிருந்தாள். இங்கிருந்து அந்தச் சரிவுவரை மிஞ்சிப்போனால் முப்பது அடி. அந்த முப்பது அடிக்காக வழி முழுவதும் தெம்பைச் சேர்த்து வைத்திருந்திருக்கிறான். லோகநாயகிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனால் இந்தத் தடவை அவள் சரியவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அதையும் விட்டாள்.

“நீங்க இங்கயே இருங்கோ,” என்றாள்.

தெருவின் ஓரமாக நடந்து போய், கேட் இருந்த இடத்தைக் காலால் தேடி, சரிவின் மேல் ஏறித் திரும்பி நின்றாள். வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து எழுந்து, யாரைப் பார்க்கணும் என்று கேட்டான். ஒருவரும் இல்லை, வருவார்கள் என்றாள். அவனும் தெருமுனையைப் பார்த்தான். அப்போது தண்ணீர் லாரி ஒன்று உள்ளே திரும்பி, வழியெல்லாம் சிந்திக்கொண்டு, தெருவை அடைத்தபடி மெதுவாக ஊர்ந்து வந்தது. சிறிது நேரம் எதுவும் தெரியவில்லை. அது கடந்து போனதும் டிரான்ஸ்ஃபார்மர் தெரிந்தது. அனந்தகிருஷ்ணன் அதன் அருகில் குனிந்திருந்தார். செருப்பு வாரைச் சரிசெய்கிறாரோ என்னவோ. நிமிர்ந்தார். ஈரமான தெருவில் ஓரத்தை விட்டு ஒரு முழம் தள்ளி, வலது கையைச் சற்றே தாழ்த்தி ஒரு விரலை நீட்டிக்கொண்டு, மெல்ல, மிக மெல்ல அவளை நோக்கி நடந்து வந்தார்.